ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு முகவரி

வாசகர் கேள்வி – பதில்

கண்ணாடி ஸ்லைடில் ஒட்டிய திசுவை லேசர் கதிரால் வரிவரியாக வருடி, அதிலுள்ள செல்களை ஒவ்வொன்றாக அளக்கும் லேசர் ஸ்கேனிங் சைட்டோமெட்ரி பற்றிச் சென்ற இதழில் சிறு குறிப்பு எழுதியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்களுடையவை. முதல் கேள்வி மட்டும் ஒரு மகளுடையது. அதற்கே முதல் பதில்.

அம்மாவின் மார்பகப் பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘கேஐ-67: 18 சதவீதம்’ என்று இருக்கிறது. இதை எண்ணுவது நீங்கள் எழுதிய லேசர் கருவியா?
– வாசகி, காரைக்குடி

இல்லை அம்மா. பேத்தாலஜிஸ்ட் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன எண்ணாகத்தான் இருக்கும். கேஐ-67 என்பது பிளந்து பெருகும் சுழற்சியில் இருக்கிற செல்களின் உட்கருவில் காணப்படும் ஒரு புரதம். ஓய்வில் இருக்கும் செல்லில் அது இருக்காது. அதைப் பிடிக்கும் ஆன்டிபாடியை ஜெர்மனியின் கீல் நகரில் 1983-ல் கண்டுபிடித்தார்கள். நூறு புற்றுச் செல்களை எண்ணினால் அதில் சுமார் 18 உட்கருக்கள் பழுப்பு நிறம் ஏறியிருந்தன என்பதே அந்த வரியின் பொருள்.

இந்த எண்ணைத் தனியாக வைத்துக்கொண்டு பயப்படவோ நிம்மதி அடையவோ வேண்டாம். மார்பகப் புற்றுநோயில் கேஐ-67 பற்றி ஆராயும் சர்வதேச நிபுணர் குழு 2021-ல் சொன்னது இது: ஆரம்ப நிலையில் இருக்கும், ஹார்மோன் ஏற்பி உள்ள, ஹெர்-2 என்ற வளர்ச்சியைத் தூண்டும் புரதம் மிகையாக இல்லாத கட்டிகளில் 5 சதவீதமோ அதற்குக் குறைவோ, அல்லது 30 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் அதை நம்பிப் பேசலாம். நடுவில் விழும் எண்கள் ஆய்வகத்துக்கு ஆய்வகம், ஆளுக்கு ஆள் மாறுகின்றன. 18 அந்த நடுவில் இருக்கிறது. ஹார்மோன் ஏற்பிகள், ஹெர்-2, கட்டியின் கிரேடு, அக்குள் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருத்துவர் சிகிச்சையை முடிவு செய்வார். அவரிடம் “இந்த எண் எங்கள் விஷயத்தில் எதையாவது மாற்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். அம்மா சீக்கிரம் குணமாகட்டும்.

கல்லூரியில் ஃப்ளோ சைட்டோமெட்ரி படித்தோம். அது செல்களைத் திரவத்தில் ஓடவிட்டு, வினாடிக்கு ஆயிரக்கணக்கில் அளக்கிறது. திசுவையும் கரைத்து அதிலேயே விட்டுவிடலாமே? ஸ்லைடில் மெதுவாக வருடுவானேன்?
– எம்.எஸ்சி. மாணவர், கோயம்புத்தூர்

கரைத்து விடலாம். டேவிட் ஹெட்லியும் உடன் இருந்தவர்களும் 1983-லேயே திசுவை மெழுகில் புதைத்து வைத்த பாரஃபின் பிளாக்கிலிருந்து தடிமனான சீவலாகச் செக்‌ஷன் எடுத்து, மெழுகை நீக்கி, பெப்சின் என்சைமில் ஊறவைத்து, உட்கருக்களை உதிர்த்து ஃப்ளோ கருவியில் ஓட்டிக் காட்டினார்கள். அலமாரியில் வருடக்கணக்காகக் கிடந்த பிளாக்குகளின் டிஎன்ஏ அளவை அதனால்தான் பார்க்க முடிந்தது. இன்றும் நல்ல முறைதான்.

ஆனால் பெப்சினில் என்ன போகிறது என்று பாருங்கள். சைட்டோபிளாசம் போய்விடுகிறது. செல்லின் மேற்பரப்பில் இருந்த அடையாளங்கள் போய்விடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த செல் எங்கே இருந்தது என்பது போய்விடுகிறது. ஒரு கட்டியில் புற்றைத் தாக்கும் எதிர்ப்புச் செல்களான சிடி8 டி-செல்கள் நிறைய இருக்கின்றன என்று ஃப்ளோ சொல்லும். அவை புற்றுச் செல்களுக்கு நடுவே புகுந்து நிற்கின்றனவா, ஓரத்து நார்த் திசுவிலேயே தடைபட்டு நிற்கின்றனவா என்று அதால் சொல்ல முடியாது. நோயாளியைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல.

ஒரு டான்சில் செக்‌ஷனை எடுத்துக்கொள்ளுங்கள். பி-செல்லின் அடையாளப் புரதமான சிடி20, டி-செல்லின் அடையாளமான சிடி3 இரண்டுக்கும் ஒளிரும் ஆன்டிபாடிகளும், உட்கருவுக்கு ஒரு டிஎன்ஏ சாயமும் போட்டு வருடுகிறோம். திரையில் முதலில் வருவது ஃப்ளோவில் வரும் அதே புள்ளிப்படம்: ஒரு பக்கம் சிடி20 கூட்டம், இன்னொரு பக்கம் சிடி3 கூட்டம். இப்போது சிடி20 கூட்டத்தைச் சுற்றி ஒரு கேட் (தேர்வு எல்லை) வரைந்து, ‘இந்தச் செல்களை மட்டும் அவை இருந்த இடத்தில் காட்டு’ என்று கேளுங்கள். வெற்றுத் திரையில் வட்ட வட்டமாக, பி-செல்கள் திரளும் லிம்ஃபாய்டு ஃபாலிக்கிள்கள் எழுந்து வரும். கேஐ-67-ஐயும் சேர்த்தால் அந்த வட்டங்களின் நடுவில் பி-செல்கள் பெருகும் ஜெர்மினல் சென்டர் மட்டும் நிரம்பும். கருவிக்கு யாரும் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு செல்லின் கிடைமட்ட, செங்குத்து ஆயத்தொலைவுகளையும் அது குறித்து வைத்திருந்தது, அவ்வளவுதான்.

இதை உருவாக்கிய லூயிஸ் கமென்ட்ஸ்கி ஃப்ளோ முறையின் முன்னோடிகளில் ஒருவர். 1960-களில் ஐபிஎம் ஆய்வகத்தில் இருந்தபோது, ஓடும் திரவத்தில் செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவியைச் செய்து 1965-ல் வெளியிட்டார். நோக்கம் கருப்பைவாய்ப் புற்றுநோயைச் சீக்கிரம் கண்டறிவது. செல்களை ஓடவிட்ட அதே மனிதர் 1991-ல் ஸ்லைடில் அசையாமல் நிற்கும் செல்களிடம் திரும்பி வந்து, ஃப்ளோவுக்கு நிகரான தரவை மைக்ரோஸ்கோப்பில் எடுக்கலாம் என்று காட்டினார். அளந்த செல்லைத் திரும்பப் போய்ப் பார்க்க முடியவில்லை என்ற குறை எவ்வளவு பெரியது என்பதை அவரைவிட நன்றாக யார் அறிந்திருப்பார்கள்?

கருவி ‘செல்’ என்று எதை எடுத்துக்கொள்கிறது? என் தரவில் இரட்டை டிஎன்ஏ உள்ள செல்கள் நம்ப முடியாத அளவுக்கு வருகின்றன.
– ஆய்வக டெக்னீஷியன், மதுரை

கேட்க வேண்டிய கேள்வி. லேசர் கதிர் ஒரு ஆடும் கண்ணாடியில் பட்டு ஸ்லைடின் மேல் ஒரு கோடாக ஓடும். ஸ்லைடைத் தாங்கும் மேடை ஒவ்வொரு கோட்டுக்கும் சுமார் அரை மைக்ரான் நகரும். ஒவ்வொரு புள்ளியிலும் வரும் ஒளிர்வை ஃபோட்டோமல்டிப்ளையர் குழாய்கள் எண்ணாக மாற்றும். இப்படிச் சேர்ந்த படத்தில், டிஎன்ஏ சாயத்தின் ஒளிர்வு நீங்கள் வைத்த வரம்பைத் தாண்டும் இடத்தைச் சுற்றி மென்பொருள் ஒரு எல்லைக்கோடு போடும். அந்தக் கோட்டுக்குள் அடைபட்டது ஒரு ‘செல்’. அதற்குச் சற்று வெளியே ஒரு கோடு போட்டு உள்ளே இருக்கும் ஒளியை எல்லாம் கூட்டும். இன்னும் வெளியே ஒரு வளையம் போட்டு அங்கிருக்கும் பின்னணி ஒளியைக் கழிக்கும்.

அதாவது, வரம்பை வைத்தது நீங்கள். அதைத் தாழ்வாக வைத்தால் ஒட்டி நிற்கும் இரண்டு உட்கருக்கள் ஒரே கோட்டுக்குள் வந்துவிடும். ஒற்றை அளவு டிஎன்ஏ உள்ள இரண்டு சேர்ந்தால் கணக்கில் இரட்டை அளவு உள்ள ஒன்று. பிளவுக்குத் தயாரான செல் போலவே தெரியும்.

ஒரு மாணவி பெருங்குடல் செக்‌ஷனின் தரவைக் கொண்டுவந்து காட்டினார். உங்களுடையதைப் போலவே இரட்டை டிஎன்ஏ கூட்டம் தடித்து இருந்தது. அவை எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் போடச் சொன்னேன். பெருங்குடலில் செல்கள் பிளப்பது கிரிப்ட் குழிகளின் அடிப்பகுதியில். இவருடைய புள்ளிகளோ கிரிப்ட்டுகளுக்கு இடைப்பட்ட லாமினா ப்ராப்ரியாவில், லிம்ஃபோசைட்டுகளும் பிளாஸ்மா செல்களும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், சிதறிக் கிடந்தன. இடமே சரியில்லை. அப்புறம் அந்தப் புள்ளிகளுக்கே மேடையை நகர்த்திப் படங்களைத் திறந்தோம். ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இரண்டிரண்டாக நின்ற லிம்ஃபோசைட்டுகள்! கூட்டிய ஒளி இரட்டிப்பு, பரப்பும் இரட்டிப்பு, ஆனால் மிகப் பிரகாசமான ஒற்றைப் புள்ளியின் அளவு மட்டும் தனி செல்லில் இருந்த அதே அளவு.

இந்த ‘அதிகபட்சப் புள்ளி’ அளவை விட்டுவிடாதீர்கள். மைட்டாசிஸில், அதாவது பிளந்துகொண்டு, இருக்கும் செல்லில் குரோமோசோம்கள் இறுகிக் கிடப்பதால், மொத்த டிஎன்ஏ பிளவுக்கு முந்தைய செல்லின் அளவே இருந்தாலும் இந்த எண் எகிறும். மொத்த ஒளியை ஒரு அச்சிலும் இதை இன்னொரு அச்சிலும் போட்டால் மைட்டாசிஸ் செல்கள் தனியாகப் பிரிந்து மேலே நிற்கும். ஃப்ளோவில் இதற்குத் தனி ஆன்டிபாடி போட வேண்டியிருக்கும். நியூயார்க் மெடிக்கல் காலேஜில் ஸ்பிக்னியேவ் டார்ஸின்கியேவிச் குழுவினர் இந்த வகை நுட்பங்களை வரிசையாகச் செய்து காட்டினார்கள்.

உங்கள் தரவுக்கு: பரப்பையும் மொத்த ஒளியையும் எதிரெதிர் அச்சில் போடுங்கள், சந்தேகக் கூட்டத்தில் ஐம்பது செல்களையாவது திறந்து கண்ணால் பாருங்கள். பார்க்காமல் எந்தச் சதவீதத்தையும் எழுதாதீர்கள். செல்களைப் பிரிக்கவே முடியாத அளவுக்குத் திசு நெருக்கமாக இருந்தால் ‘ஃபான்டம்’ முறைக்குப் போங்கள். ஒரே அளவுள்ள சிறு வட்டங்களைச் செக்‌ஷன் முழுக்கப் போட்டு, ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் உள்ள ஒளியை அளப்பது அது. அப்போது ‘இத்தனை செல்’ என்று சொல்ல முடியாது. ‘திசுவின் இத்தனை பங்கு’ என்று நேர்மையாகச் சொல்லலாம்.

5 மைக்ரான் செக்‌ஷனில் டிஎன்ஏ ஹிஸ்டோகிராம் (எந்த அளவில் எத்தனை செல் என்ற வரைபடம்) எடுத்தோம். முதல் சிகரம் இடது பக்கம் வழிந்து அகலமாகக் கிடக்கிறது. சாயம் சரியில்லையா?
– பிஎச்.டி. மாணவி, திருச்சி

சாயத்தைக் குறை சொல்ல வேண்டாம், திசுவைச் சீவும் மைக்ரோடோம் கத்தியைப் பாருங்கள். கடலை மிட்டாயைக் கடலையின் தடிமனைவிட மெல்லிய வில்லைகளாகச் சீவினால் எந்த வில்லையிலும் முழுக் கடலை இருக்காது. 8 மைக்ரான் விட்டமுள்ள உட்கருவை 5 மைக்ரான் செக்‌ஷனில் தேடினால் அதே கதைதான். நீங்கள் அளந்தது எல்லாமே வெட்டுப்பட்ட துண்டுகள். துண்டில் டிஎன்ஏ குறைவு, அதனால் சிகரம் இடது பக்கம் வழிகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். ஒரு உட்கருவின் மையம் செக்‌ஷனுக்குள்ளேயோ, மேலும் கீழும் அதன் ஆரத்தின் தூரத்துக்குள்ளேயோ இருந்தால் அதன் ஒரு பகுதி உங்கள் ஸ்லைடில் தெரியும். ஆக, 5-உம் 8-உம் சேர்ந்து 13 மைக்ரான் ஆழத்தில் உள்ளவை எல்லாம் எட்டிப் பார்க்கின்றன. அவற்றில் மையம் செக்‌ஷனுக்குள் இருப்பவை 13-ல் 5 பங்கு, அதாவது சுமார் 38 சதவீதம். 1946-ல் உயிரியலாளர் அபெர்க்ராம்பி கொடுத்த திருத்தம் இதுதான்: எண்ணியதைத் தடிமனால் பெருக்கி, தடிமனும் விட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம் ஒளிந்திருக்கிறது. ஆய்வேடுகளைப் படிக்கும்போது என்னை வருத்துவதும் அதுதான். பெரிய உட்கரு அதிக ஆழத்திலிருந்து எட்டிப் பார்க்கும். 12 மைக்ரான் உட்கருவுக்கு 17 மைக்ரான் ஆழம், 6 மைக்ரான் உட்கருவுக்கு 11. கட்டியில் இரண்டு வகையும் சம எண்ணிக்கையில் இருந்தாலும் பெரியது ஒன்றரை மடங்குக்கு மேல் தெரியும். புற்று உட்கருக்கள் பெரியவை, சுற்றியுள்ள லிம்ஃபோசைட்டுகள் சிறியவை. திருத்தாமல் விகிதம் போட்டால் புற்றின் பங்கு எப்போதும் கூடித்தான் வரும். கருவி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இது மாறாது. உட்கரு விட்டத்தை ஒவ்வொரு வகைக்கும் தனியாக அளந்து, திருத்தம் போட்ட எண்ணையும் போடாத எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுங்கள்.

தடிமனைக் கூட்டினால் போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். 50 மைக்ரானில் வெட்டினால் தெரிபவற்றில் 72 சதவீதம் முழு உட்கருக்களாக இருக்கும். ஆனால் ஸ்லைடில் அவை ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும், பிரிக்க முடியாது. அந்தத் தடிமன் பெப்சினில் கரைத்து உதிர்ப்பதற்குத்தான் உதவும்.

டிஎன்ஏ அளவுதான் உங்கள் கேள்வி என்றால், அறுவை அறையிலிருந்து திசு புதிதாக வரும்போதே வெட்டிய முகத்தை ஸ்லைடில் மெதுவாக ஒற்றி எடுத்துவிடுங்கள். ஒட்டிக்கொள்ளும் உட்கருக்கள் பெரும்பாலும் முழுசாக இருக்கும். எத்தனாலில் பதப்படுத்தி, ஆர்என்ஏஸ் என்சைம் போட்டு ஆர்என்ஏவை நீக்கிவிட்டு ப்ரோப்பிடியம் அயோடைடு என்ற டிஎன்ஏ சாயம் போடுங்கள். ஆர்என்ஏஸ் மறந்தால் அந்தச் சாயம் ஆர்என்ஏவையும் பிடித்துக்கொள்ளும். அதே ஸ்லைடில் ஒட்டியிருக்கும் சாதாரண லிம்ஃபோசைட்டுகளே உங்கள் ஒற்றை அளவுக்கான அளவுகோல். செக்‌ஷனை ‘எங்கே’ என்ற கேள்விக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஈரல் செக்‌ஷன் ஆன்டிபாடி போடாமலே பச்சையாக ஒளிர்கிறது. என்ன செய்வது?
– ஆராய்ச்சி உதவியாளர், வேலூர்

ஈரல் அப்படித்தான். லிப்போஃபசின் என்ற வயதின் படிவு, சிவப்பணுக்கள், எலாஸ்டின் நார் எல்லாம் 488 நானோமீட்டர் லேசரில் தாமாகவே ஒளிரும். ஃபார்மலினும் தன் பங்குக்குக் கூட்டும். முதல் வேலையாக, எதுவும் போடாத ஒரு செக்‌ஷனை அதே பிளாக்கிலிருந்து எடுத்து, அதே லேசர் திறன், அதே டிடெக்டர் மின்னழுத்தத்தில் வருடுங்கள். முதல் ஆன்டிபாடியைப் பிடித்து ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி மட்டும் போட்ட ஸ்லைடு ஒன்றும் வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தரவை நான் பார்ப்பதே இல்லை.

ஒரே இடம் பச்சையிலும் ஆரஞ்சிலும் சேர்ந்து ஒளிர்ந்தால் அது பெரும்பாலும் திசுவின் சொந்த ஒளி. லிப்போஃபசினின் ஒளிர்வு அவ்வளவு அகலமானது. முடிந்தால் உங்கள் முக்கியமான ஆன்டிபாடியை 633 நானோமீட்டர் சிவப்பு லேசரில் ஒளிரும் சாயத்துக்கு மாற்றுங்கள். அங்கே திசுவின் சொந்த ஒளி வெகுவாகக் குறைவு. பச்சையிலேயே இருக்க வேண்டுமென்றால், ஆன்டிபாடி வேலை முடிந்த பிறகு 70 சதவீத எத்தனாலில் கரைத்த 0.1 சதவீத சூடான் பிளாக் சாயம் சொந்த ஒளியை மறைக்க உதவும். அதற்கப்புறம் டிட்டர்ஜென்ட் உள்ள பஃபரில் கழுவாதீர்கள், போட்டது போய்விடும். சூடான் பிளாக் சிவப்புப் பக்கம் தானே கொஞ்சம் ஒளிரும். ஆகவே இரண்டு வைத்தியத்தையும் ஒரே ஸ்லைடில் சேர்க்க வேண்டாம்.

ஏற்கெனவே பழுப்பு நிறமேற்றிய ஸ்லைடுகள் நிறைய உள்ளன. அவற்றை லேசரில் அளக்கலாமா?
– பேத்தாலஜி முதுநிலை மாணவர், சென்னை

அளக்கலாம். ஒளிர்வுக்குப் பதில் எவ்வளவு லேசர் ஒளி தடைபட்டது என்று பார்ப்பார்கள். நீல லேசரை, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தில் பழுப்பாகப் படியும் டிஏபி உறிஞ்சும்; சிவப்பு லேசரை, உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்ஸிலின் சாயம் உறிஞ்சும். எத்தனை செல் நிறம் ஏறியது, எவ்வளவு பரப்பு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஏபி ஒளியைச் சிதறடிக்கவும் செய்யும், அடர் பழுப்பு என்பதற்காக இரு மடங்கு புரதம் என்று ஆகிவிடாது. ‘அடர்த்தி’யை அளவாகக் காட்டும் வரைபடம் வேண்டாம்.

இப்படி ஒரு கருவி எங்கள் கல்லூரியில் இல்லை, வரப்போவதும் இல்லை. நாங்கள் என்ன செய்ய?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

கருவியின் பெயரைவிட அதன் ஒழுங்கு முக்கியம். அதை வேறு வழியிலும் பெறலாம். அருகிலுள்ள மருத்துவக் கல்லூரியில் ஸ்லைடு ஸ்கேனரோ, கேமரா பொருத்திய ஃப்ளூரசன்ஸ் மைக்ரோஸ்கோப்போ இருக்கிறதா என்று கேளுங்கள். படங்கள் கையில் வந்தால் க்யூபாத் என்ற இலவச மென்பொருள் உட்கருக்களைப் பிரித்து, ஒவ்வொன்றின் பரப்பு, ஒளிர்வு, இடம் எல்லாவற்றையும் அட்டவணையாகத் தரும். சாதாரண மடிக்கணினியிலேயே ஓடும். ஒரே எச்சரிக்கை: கேமரா படத்தில் ஒளி சீராக விழுந்ததா என்று முதலில் சரிபாருங்கள். ஓரங்கள் இருண்டிருந்தால் ஓரத்துச் செல்களின் அளவு எல்லாம் தப்பாகும்.

இருபது வருடப் பழைய பிளாக்குகள் பயன்படுமா? அவற்றிலிருந்து மொத்தமாகச் செக்‌ஷன் வெட்டி வைத்துக்கொள்ளலாமா?
– அதே பேராசிரியர்

பிளாக் பயன்படும், நடுநிலை ஃபார்மலினில் சரியான நேரம் ஊறியிருந்தால். மார்பகத் திசுவுக்கு 6 முதல் 72 மணி நேரம் என்பது விதி. பழைய பதிவேட்டில் அந்த நேரம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆன்டிபாடியை முதலில் ஒரு செக்‌ஷனில் சோதியுங்கள். மொத்தமாக வெட்டி வைக்க மட்டும் வேண்டாம். மெழுகுக்குள் பத்திரமாக இருக்கும் ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்கும் புரதம்), வெட்டிய ஸ்லைடில் காற்றும் ஈரமும் பட்டு மாதக்கணக்கில் மங்கும். பிளாக்கின் மேல்முகத்தைச் சில செக்‌ஷன் சீவித் தள்ளிவிட்டு, அந்த வாரம் சாயம் போடப்போகும் அளவுக்கு மட்டும் வெட்டுங்கள். வெட்டி முடித்ததும் பிளாக்கின் முகத்தை மறுபடி பாரஃபினில் தோய்த்து மூடி வையுங்கள்.